ஓப்பன் சோர்ஸ்னு போட்டிருக்கு, ஆனா நிஜமாவே ஓப்பன் சோர்ஸா? அறிகுறி பாத்து கண்டுபிடிக்கிற வழி

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்ல ஃபார்ம்வேர் எழுதுற பசங்க, ஜார்ஜ்டவுன்ல நாலு பேர வச்சு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறவங்க, தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் உதவியா வெப்சைட் செஞ்சு குடுக்குறவங்க, இவங்க எல்லாரும் வாட்சப்ல கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே இத எடுத்துப் போடலாமா, ஓப்பன் சோர்ஸ்தானே?" கூடவே ஹோம்பேஜ் ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு வரும், அதுல பெருசா ஓப்பன்னு எழுதியிருக்கும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது லா. எந்த வெர்ஷன், அந்த வெர்ஷனுக்குள்ள இருக்குற லைசன்ஸ் ஃபைல்ல என்ன எழுதியிருக்கு, இந்த ரெண்டும் தெரிஞ்சா பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துரும்.

அளவுகோல் என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், சுருக்கமா ஓஎஸ்ஐ, 1998ல ஆரம்பிச்ச அமைப்பு. 1997ல டெபியன் லினக்ஸ்காரங்க எழுதி வச்ச வழிகாட்டிய எடுத்து கொஞ்சம் மாத்தி 10 நிபந்தனையா போட்டாங்க. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேணாம். நம்ம வேலைக்கு அடிக்கடி இடிக்கிறது இதுங்கதான்: யார் வேணா மறுபடி விநியோகிக்கலாம், காசுக்கு விக்கவும் செய்யலாம், சோர்ஸ் கோட் கிடைக்கணும், மாத்தலாம், மாத்துனதையும் குடுக்கலாம், இன்ன ஆளு யூஸ் பண்ணக்கூடாது இன்ன வேலைக்கு யூஸ் பண்ணக்கூடாதுன்னு தடை போடக்கூடாது. கோட கண்ணால பாக்க முடியுதுங்கிறது இதுல ஒரே ஒரு அம்சம், அது மட்டும் இருந்தா போதாது. கேம் செய்யுற பசங்களுக்குத் தெரியும், அன்ரியல் எஞ்சினோட சோர்ஸ, கோட் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்துல அக்கவுண்ட் இணைச்சா பாக்கலாம், மாத்தலாம், ஆனா அது எபிக் கம்பெனியோட சொந்த லைசன்ஸ்ல இருக்கு, ஓப்பன் சோர்ஸ் கிடையாது.

கீழ இருக்கறதுல உங்களுக்கு என்ன அறிகுறியோ அத மட்டும் படிங்க.

"ரெப்போ (கோட் வச்சிருக்குற இடம்) முழுக்க தேடிட்டேன், லைசன்ஸ் ஃபைலே இல்ல"

அப்ப ஓப்பன் சோர்ஸ் இல்ல. லைசன்ஸ் போடலைன்னா எல்லாருக்கும் சொந்தம்னு நெனைக்கிறாங்க, அது தலைகீழ். மலேசியாவோட 1987 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கியப் படைப்பு கணக்குல வருது, எழுதுன உடனே உரிமை எழுதுனவருக்கு வந்துரும், எங்கேயும் போய் பதிவு பண்ணத் தேவையில்ல. அவர் அனுமதி குடுக்காத வரைக்கும் நீங்க காப்பி பண்ணி உங்க ப்ராடக்ட்ல போட முடியாது. கிட்ஹப்ல பப்ளிக்கா போட்டா கிட்ஹப் விதிப்படி மத்தவங்க அந்தத் தளத்துக்குள்ளயே பாக்கலாம், ஃபோர்க் பண்ணலாம் (தங்க அக்கவுண்ட்ல தனிக் காப்பி எடுக்குறது), அவ்வளவுதான்.

முடிவு பண்றதுக்கு முன்னாடி வேற எடத்துலயும் தேடிப் பாருங்க. ரீட்மீ ஃபைலோட கடைசி பத்தி, பேக்கேஜ் ஃபைல்ல லைசன்ஸ்ங்கிற வரி, ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலோட தலைப்புல இருக்குற கமெண்ட், சில பேர் காப்பியிங்னு பேர் வச்ச ஃபைல்ல போடுவாங்க. எங்கேயுமே இல்லைன்னா எழுதுனவர்கிட்டயே மரியாதையா கேளுங்க, "உங்க கோட யூஸ் பண்ண ஆசைப்படுறோம், ஒரு லைசன்ஸ் சேர்க்க முடியுமா". நெறைய பேர் மறந்துதான் போயிருப்பாங்க, கேட்டா சேர்த்துருவாங்க. பதில் வரலைன்னா வேற லைப்ரரி தேடுங்க, வேற வழியில்ல.

இங்க ஒரு பொறி இருக்கு, என்பிஎம்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் கிடங்குலேர்ந்து பேக்கேஜ் எடுக்குறவங்க கவனிங்க. அன்லைசன்ஸ்னு ஒரு லைசன்ஸ் நிஜமாவே இருக்கு, எல்லா உரிமையும் விட்டுக் குடுத்துட்டேன்னு சொல்றது, 2020ல ஓஎஸ்ஐ அதுக்கு ஒப்புதலும் குடுத்துருச்சு. ஆனா பேக்கேஜ் ஃபைல்ல அன்லைசன்ஸ்ட்னு, கடைசில ஒரு 'டி' எழுத்தோட, முழுக்க பெரிய எழுத்துல இருந்தா என்பிஎம் வழக்கப்படி யாருக்கும் எந்த உரிமையும் தரலைன்னு அர்த்தம். ஒரு எழுத்துல மொத்தமும் தலைகீழா போயிரும், அவசரத்துல படிச்சா கண்ணுல படவே படாது.

"லைசன்ஸ் ஃபைல் இருக்கு, ஆனா கிட்ஹப் பேர் சொல்லாம ‘அதர்’னு காட்டுது"

கிட்ஹப் ஒரு புரோகிராம வச்சு லைசன்ஸ் எழுத்த தெரிஞ்ச லைசன்ஸோட ஒப்பிட்டுப் பாக்கும், ஒத்து வரலைன்னா பேர் சொல்லாது. சில சமயம் காரணம் சாதாரணமா இருக்கும், ஒரே ஃபைல்ல ரெண்டு லைசன்ஸ ஒட்டி வச்சிருப்பாங்க, இல்லைன்னா மேல நாலு வரி முன்னுரை போட்டிருப்பாங்க. மத்த சமயம் அங்கதான் வில்லங்கம் ஒளிஞ்சிருக்கும்.

ஃபைல தெறந்து முதல் வரியிலேர்ந்து படிங்க, ஸ்க்ரோல் பண்ணி நடுவுல அப்பாச்சினு தெரிஞ்ச உடனே மூடிடாதீங்க. முதல் வரியில காமன்ஸ் கிளாஸ்னு இருந்தா கதை முடிஞ்சது. 2018ல வந்த அந்தத் துண்டு அப்பாச்சி, எம்ஐடி மாதிரி நல்ல லைசன்ஸுக்கு மேல ஒட்டுற ஸ்டிக்கர், ஒட்டுனதும் விக்கிற உரிமை போயிரும். விக்கிறதுன்னா பெட்டியில போட்டு விக்கிறது மட்டும்னு நெனைக்காதீங்க. அந்த சாஃப்ட்வேரோட பயன்தான் முக்கியச் சரக்குன்னு ஆகிட்டா ஹோஸ்டிங், கன்சல்டிங், சப்போர்ட்டுக்கு காசு வாங்குறதும் அந்த வரையறைக்குள்ள வரும். நம்ம ஊர் சின்னக் கம்பெனிங்க பொழப்பே சப்போர்ட் கான்ட்ராக்ட்ல ஓடுது, அதனால இத சும்மா தாண்டிப் போக முடியாது.

எம்ஐடி லைசன்ஸ்னா சோதிக்கிறது ரொம்ப சுலபம். அதுல காப்பிரைட் வரி ஒண்ணு, என்ன வேணா செய்யலாம்னு சொல்ற பத்தி, இந்த அறிவிப்ப எல்லாக் காப்பியிலயும் வைக்கணும்னு ஒரு சின்ன பத்தி, கடைசில எந்த உத்தரவாதமும் இல்லைன்னு முழுக்க பெரிய எழுத்துல கத்துற பத்தி. தலைப்பு தவிர இது போக கூடுதலா ஒரு வரி இருந்தாலும் அது எம்ஐடி கிடையாது, யாரோ கை வச்சிருக்காங்க. நீளமான லைசன்ஸ்னா கண்ண நம்பாதீங்க, லைசன்ஸ் எழுத்தெல்லாம் தொகுத்து வச்சிருக்குற எஸ்பிடிஎக்ஸ் பட்டியல்ல இருக்குற அசல் எழுத்த இறக்கி ரெண்டையும் டிஃப் போட்டு, அதாவது வரி வரியா ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் வருஷம், பேர், வரி மடிப்பு இதுங்கள்ல மட்டும் வந்தா சரி. மத்ததுல வந்தா அந்த வரிய மட்டும் தனியா எடுத்துப் படிங்க, முடிவு அதுலதான் இருக்கு.

கூட ஒரே ஒரு வரி சேர்த்ததால என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு, ஜேசன் லைசன்ஸ் இருக்கு. டக்ளஸ் க்ராக்ஃபோர்டு எம்ஐடி எழுத்த எடுத்து, இத நல்லதுக்குத்தான் பயன்படுத்தணும் கெட்டதுக்குக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்தாரு. கேக்க அழகா இருக்கு, ஆனா எது நல்லது எது கெட்டதுன்னு கோர்ட்ல யார் சொல்றது? ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அத சுதந்திர லைசன்ஸ் இல்லைன்னு பட்டியல் போட்டுச்சு, டெபியன் ஏத்துக்கல, அப்பாச்சி ஃபவுண்டேஷன் 2016ல தன் ப்ராஜெக்ட்ல போடக்கூடாத பட்டியலுக்குத் தள்ளிருச்சு. 2019ல வந்த ஹிப்போக்ரடிக் லைசன்ஸ், சீனாக்காரங்க அதிக நேர வேலைய எதிர்த்துப் போட்ட ஆன்டி 996 லைசன்ஸ், இதெல்லாம் அதே வகைதான். நோக்கத்துக்கு நானும் கை தட்டுவேன், ஆனா ஓப்பன் சோர்ஸ் கணக்குல சேர்க்க மாட்டேன்.

"‘நான்-கமர்ஷியல்’ (வியாபாரம் அல்லாத பயன்பாடு) மட்டும்னு எழுதியிருக்கு, நாங்களும் லாபத்துக்குச் செய்யலையே"

இது தைப்பூசம் நெருங்குறப்ப வர்ற கேள்வி. வாட்டர்ஃபால் ரோட்டுல எந்தெந்த தண்ணீர்ப் பந்தல் எங்க இருக்கு, எங்க சைவச் சாப்பாடு, எங்க டாய்லெட்னு மேப்ல காட்டுற ஆப் செய்யணும்னு நம்ம பசங்க கூட்டம் ஒண்ணு எறங்கும். நல்ல காரியம். மேப் மேல குறி போடுறதுக்கு அழகான கோட் ஒண்ணு கிடைச்சிருக்கும், லைசன்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸ் ‘நான்-கமர்ஷியல்’. "அண்ணே சாமி காரியம்தானே, ஒத்து வரும்ல?"

சரி, யோசிச்சுப் பாருங்க. ஆப்புக்குக் கீழ பந்தல் ஸ்பான்சர் பேனர் ஓடுது, ஒரு பேனருக்கு 500 வெள்ளி வாங்குறீங்க, அது கமர்ஷியலா? பந்தல்ல டி-ஷர்ட் வித்து அடுத்த வருஷத்துக்கு ஃபண்ட் சேர்க்குறீங்க, அது? அடுத்த வருஷம் இதே ஆப்ப ஒரு ட்ராவல் ஏஜென்சி காசு குடுத்து கேட்டா? ஒவ்வொண்ணுக்கும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க. இந்தப் பயன்பாட்டுக்கு ஆகும் அந்தப் பயன்பாட்டுக்கு ஆகாதுன்னு பிரிச்ச உடனே 10 நிபந்தனைல ஆறாவது அடிபட்டுப் போகுது, நீங்க தர்மத்துக்குச் செய்யுறீங்களா இல்லையாங்கிறது அப்புறம். அனுமதி உங்களுக்குக் கிடைக்கலாம், சட்டப்படி ஆப் ஓடலாம், ஆனா அந்த ஆப்ப நீங்க ஓப்பன் சோர்ஸ்னு வெளியிட முடியாது. தவிர, சாஃப்ட்வேருக்கு எங்க லைசன்ஸ போடாதீங்கன்னு கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்லுது. பேசாம லீஃப்லெட் மாதிரி பிஎஸ்டி லைசன்ஸ்ல இருக்குற மேப் லைப்ரரிய எடுங்க, வேலை முடிஞ்சது.

கல்விக்கு மட்டும், தனிநபருக்கு மட்டும், மதிப்பீடு செய்ய மட்டும், எல்லாத்துக்கும் இதே பதில்தான். தமிழ் ஃபாண்ட்லயும் இந்தத் தொல்லை உண்டு, பழைய சிடிலேர்ந்து காப்பியான ஃப்ரீவேர் ஃபாண்ட்ட பள்ளி ஆண்டு மலர்ல போட்டு, வெப்சைட்லயும் ஏத்திடுறாங்க. ஃப்ரீவேர்னா டவுன்லோடுக்குக் காசு இல்லைன்னு மட்டும்தான் தெரியும், மாத்துறதுக்கும் குடுக்குறதுக்கும் உரிமை இருக்கான்னு அதுல தெரியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன், ஹிந்த் மதுரை இதெல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸ்ல இருக்கு, ஓஎஸ்ஐ ஒப்புதல் உள்ளது, ஆண்டு மலர வித்தாலும் ஒண்ணும் பிரச்சனையில்ல. ஃபாண்ட்ட மட்டும் தனியா விக்கக்கூடாதுன்னு அதுல ஒரு வரி இருக்கு, அதப் பாத்து பயந்துராதீங்க, வேற ஏதாவது சாஃப்ட்வேரோட சேர்த்து விக்கலாம்னு அனுமதி இருக்குறதால நிபந்தனைக்குள்ள வந்துருது.

"போன வருஷம் ஓப்பன் சோர்ஸ்தான், இப்ப ஆளாளுக்கு இல்லைன்றாங்க"

ஆமா, இதுதான் இப்ப அதிகமா வர்ற கேஸ். கம்பெனி ஒண்ணு முதல்ல தாராளமான லைசன்ஸ்ல விட்டு ஊர் பூரா பரவ விடும், அப்புறம் பெரிய கிளவுட் கம்பெனி அதையே சர்வீஸா வித்து சம்பாதிக்குதுன்னு சொல்லி லைசன்ஸ மாத்தும். டேட்டாபேஸ் மாதிரி பின்னணி சாஃப்ட்வேருங்கள்ல பாத்தா, மோங்கோடிபி 2018 அக்டோபர்ல, எலாஸ்டிக்சர்ச் 2021ல, டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்ட்ல, ரெடிஸ் 2024 மார்ச்ல. அவங்க கோவம் நியாயமா இல்லையாங்கிறது தனிப் பேச்சு, நமக்கு லைசன்ஸ் எழுத்து மட்டும்தான் கணக்கு.

முதல் வேலை, உங்க சர்வர்ல ஓடுற வெர்ஷன் நம்பரப் பாருங்க. ஏற்கனவே குடுத்த லைசன்ஸ் அந்த வெர்ஷனோடயே இருக்கும், புது வெர்ஷன்ல மாத்துனா பழசுக்குப் பாதிப்பு இல்ல. டெர்ராஃபார்ம் 1.5.7 வரைக்கும் மோஸில்லா லைசன்ஸ், எலாஸ்டிக்சர்ச் 7.10.2 வரைக்கும் அப்பாச்சி, ரெடிஸ் 7.2 வரிசை பிஎஸ்டி. அத விட்டு மேல போனீங்கன்னா வேற உலகம். ஆனா பழசுலயே உக்காந்திருந்தா செக்யூரிட்டி திருத்தம் வராம போகும், அதனால பழைய ஓப்பன் கோட எடுத்து மத்தவங்க தனியா நடத்துற ஃபோர்க் பக்கம் போறதுதான் நல்லது: டெர்ராஃபார்முக்கு ஓப்பன்டோஃபு, ரெடிஸுக்கு வால்கீ, எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஓப்பன்சர்ச். இன்னொரு திருப்பமும் இருக்கு, எலாஸ்டிக் 2024லயும் ரெடிஸ் 2025ல 8ஆவது வெர்ஷன்லயும் ஏஜிபிஎல்ங்கிற ஓஎஸ்ஐ ஒப்புதல் உள்ள லைசன்ஸ ஒரு தேர்வா கொண்டு வந்துட்டாங்க, அந்தத் தேர்வுல எடுத்தா மறுபடி ஓப்பன் சோர்ஸ். ஆக "ரெடிஸ் ஓப்பன் சோர்ஸா?"ன்னு வெர்ஷன் சொல்லாம கேட்டா பதிலே கிடையாது.

லைசன்ஸ் பேர் பிசினஸ் சோர்ஸ்னு இருந்தா மேல ஒரு சின்ன அட்டவணை மாதிரி இருக்கும், அதுல மூணு இடத்தப் பாருங்க. கூடுதல் பயன்பாட்டு அனுமதி, மாறும் தேதி, மாறுன பிறகு என்ன லைசன்ஸ். அந்த தேதி அதிகபட்சம் வெளியிட்டு நாலு வருஷம், அதுக்கப்புறம் அந்த வெர்ஷன் மட்டும் நிஜ ஓப்பன் சோர்ஸா மாறும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனித்தனி கணக்கு ஓடும், அதனால புதுசு எப்பவுமே மூடித்தான் இருக்கும். சென்ட்ரி 2023ல கொண்டு வந்த ஃபங்ஷனல் சோர்ஸ் லைசன்ஸும் இதே யோசனை, காலம் மட்டும் ரெண்டு வருஷம். தேதி தாண்டுற வரைக்கும் ஓப்பன் சோர்ஸ் இல்லைன்னே எழுதுங்க. ஆட்டோமேஷனுக்கு எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுற என்8என் இருக்கே, அது சஸ்டெயினபிள் யூஸ் லைசன்ஸ், அதுவும் இல்ல. உங்க ஆபீஸ் உள்வேலைக்கு ஓட்டிக்கலாம், பிரச்சனை வராது, கிளையண்ட்டுக்கு அதையே சர்வீஸா வித்தீங்கன்னா நிறுத்தி நிதானமா படிங்க.

மோங்கோடிபி 2018ல மாத்திக்கிட்ட எஸ்எஸ்பிஎல் லைசன்ஸுக்கு வருவோம், ஏன்னா இதுலதான் சண்டை அதிகம். பாக்க ஏஜிபிஎல் மாதிரியே இருக்கும், எழுத்தே அங்கேர்ந்து எடுத்ததுதான், 13ஆவது பிரிவு மட்டும் வேற. ஏஜிபிஎல்ல நீங்க மாத்துன புரோகிராம நெட்வொர்க் வழியா யூஸ் பண்றவங்களுக்கு அந்தப் புரோகிராமோட சோர்ஸ குடுத்தா போதும். எஸ்எஸ்பிஎல்ல சர்வீஸா குடுத்தீங்கன்னா அந்த சர்வீஸ நடத்துறதுக்கு வச்சிருக்குற மானிட்டரிங், பேக்கப், ஸ்டோரேஜ், ஹோஸ்டிங் சாஃப்ட்வேர் எல்லாத்தோட சோர்ஸையும் அதே லைசன்ஸ்ல திறக்கணும். ரொட்டி சானாய் விக்கிறவர்கிட்ட மாவு பிசையுற முறைய மட்டும் கேக்காம அடுப்பு, ஃபேன், கல்லாப்பெட்டி எப்படி செஞ்சதுன்னு ஊருக்கே எழுதிக் குடுன்னு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. நடைமுறையில யாராலும் செய்ய முடியாது, அதனால சர்வீஸ் தொழிலுக்கே தடைன்னுதான் எடுத்துக்கணும். மோங்கோடிபியே ஓஎஸ்ஐகிட்ட ஒப்புதலுக்குக் குடுத்துட்டு 2019 மார்ச்ல திரும்ப வாங்கிருச்சு, ஃபெடோரா ஏத்துக்கல, 2021ல ஓஎஸ்ஐ இது ஓப்பன் சோர்ஸ் இல்லைன்னு வெளிப்படையாவே சொல்லிருச்சு.

"ரொம்ப கண்டிப்பான லைசன்ஸ், அப்ப இது ஓப்பன் சோர்ஸ் இல்லதானே?"

இது எதிர்ப்பக்கத்து தப்பு. மாத்தி விநியோகிச்சா சோர்ஸையும் அதே லைசன்ஸ்ல குடுக்கணும்னு கேக்குற ஜிபிஎல், ஏஜிபிஎல் ரெண்டும் ஓஎஸ்ஐ ஒப்புதல் உள்ள அசல் ஓப்பன் சோர்ஸ். கூகுள் தன் ஆளுங்கள ஏஜிபிஎல் கோட் பக்கமே போகாதேன்னு எழுதி வச்சிருக்கு, அது அந்தக் கம்பெனியோட முடிவு. உங்க தொழிலுக்கு ஒத்து வருமாங்கிறது ஒரு கேள்வி, ஓப்பன் சோர்ஸாங்கிறது வேற கேள்வி, ரெண்டையும் ஒரே மூச்சுல கேக்குறதாலதான் ஆபீஸ்ல பாதி சண்டை.

காசு வாங்குறாங்கன்னு சொல்லியும் தள்ளிடாதீங்க, ஜிபிஎல் சாஃப்ட்வேர விக்கலாம், வாங்குனவங்களுக்கு சோர்ஸும் உரிமையும் போகணும் அவ்வளவுதான். பேர் யூஸ் பண்ணக்கூடாதுன்னா அது ட்ரேட்மார்க் விவகாரம், டெபியன் 2006ல ஃபயர்ஃபாக்ஸ்ங்கிற பேர விட்டுட்டு ஐஸ்வீசல்னு வச்சு 2016ல பழைய பேருக்குத் திரும்புச்சு, அந்தப் பத்து வருஷமும் கோட் ஓப்பன் சோர்ஸ்தான்.

"சோர்ஸ் ஓப்பன், ஆனா நாம டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்றது?"

நல்ல கேள்வி, யாரும் கேக்க மாட்டாங்க. விஎஸ் கோட் சோர்ஸ் எம்ஐடி, மைக்ரோசாஃப்ட் தளத்துல இறக்குற இன்ஸ்டாலர் மைக்ரோசாஃப்டோட சொந்த லைசன்ஸ். விஎஸ்கோடியம்னு அதே சோர்ஸ்லேர்ந்து கட்டுறது எம்ஐடி. டாக்கர் எஞ்சின் அப்பாச்சி, ஆனா டாக்கர் டெஸ்க்டாப் தனி ஒப்பந்தம், 250 பேருக்கு மேல ஆள் இருந்தாலோ வருஷ வருமானம் ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல போனாலோ காசு கட்டணும், 2021லேர்ந்து அப்படித்தான். பாயான் லெப்பாஸ்ல 250 பேர் இல்லாத ஃபேக்டரிய தேடித்தான் கண்டுபிடிக்கணும், அதனால ஐடி டிபார்ட்மென்ட்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க. கிட்லேப் மாதிரி சில ரெப்போவுல ஒரே மரத்துக்குள்ள ஒரு ஃபோல்டர் மட்டும் வேற லைசன்ஸ், ஃபோல்டருக்குள்ள போய் பாத்தாதான் தெரியும்.

"போர்டு வெண்டர் சோர்ஸ் ஜிப் குடுத்தாரு, கூடவே என்டிஏ (ரகசியம் காக்குற ஒப்பந்தம்) கையெழுத்து கேக்குறாரு"

பினாங்குக்கே உரிய அறிகுறி. ஜிப்ப பிரிச்சா உள்ள லினக்ஸ் கர்னல், பூட்லோடர், பிஸிபாக்ஸ், அதோட வெண்டர் எழுதுன டிரைவர் கொஞ்சம், ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்ச லைப்ரரி கொஞ்சம். மொத்த ஜிப்புக்கும் "ரகசியம், வெளியாருக்குத் தரக்கூடாது"ன்னு மேல ஒரு காகிதம்.

மொத்தமா பாத்தா பதில் கிடைக்காது, ஃபோல்டர் ஃபோல்டரா பிரிங்க. கர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் 2ஆவது வெர்ஷன், அந்த லைசன்ஸோட 6ஆவது பிரிவு வாங்குறவர் மேல கூடுதல் தடை போடக்கூடாதுன்னு சொல்லுது, அதனால அந்தப் பகுதிக்கு என்டிஏ செல்லாத பேச்சு. நீங்க பெட்டிய விக்கிறப்ப உங்க கிளையண்ட்டுக்கும் அந்த சோர்ஸ் போகணும், இல்லைன்னா குறைஞ்சது மூணு வருஷத்துக்கு யார் கேட்டாலும் தர்றோம்னு எழுத்துல போட்டுக் குடுக்கணும். வெண்டரோட தனி லைப்ரரி மூடுன சரக்கு, அத ஓப்பன் சோர்ஸ் கணக்குல எழுதாதீங்க, என்டிஏ அதுக்கு மட்டும் பொருந்தும். நடுவுல மாட்டுறது கர்னலுக்குள்ள ஏறுற டிரைவர். ஃபைல் தலைப்புல ஜிபிஎல்னு இருக்கும், பக்கத்துல இன்னொரு ஃபைல்ல ரகசியம்னு இருக்கும். ரெண்டு வரியையும் அப்படியே காப்பி பண்ணி வெண்டருக்கு மெயில் போட்டு எது செல்லும்னு எழுத்துல வாங்குங்க, போன்ல சொன்னது நாளைக்கு உதவாது. சேல்ஸ்காரர் "எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தான் போஸ், டோன்ட் வொரி"ன்னுதான் சொல்லுவாரு, அவர் வேலை அது.

"ஏஐ மாடல் ஓப்பன்னு சொல்றாங்க, வெயிட்ஸ் டவுன்லோட் ஆகுது"

வெயிட்ஸ், அதாவது பயிற்சில மாடல் கத்துக்கிட்ட எண்கள், கிடைக்குதுங்கிறதும் லைசன்ஸும் வேற வேற. மெட்டாவோட லாமா லைசன்ஸ்ல மாசத்துக்கு 70 கோடிக்கு மேல யூசர் இருக்குற கம்பெனிக்குத் தனி அனுமதி வேணும், பயன்பாட்டுக் கொள்கைன்னு தடைப் பட்டியலும் இருக்கு. உங்க கம்பெனி அந்த 70 கோடிய தொடப் போறதில்ல, அது வேற விஷயம், ஆளுக்கும் வேலைக்கும் தடை இருக்குறதால ஓஎஸ்ஐ இத ஓப்பன் சோர்ஸ் இல்லைன்னு சொல்லிருச்சு. ஒரே குடும்பத்துக்குள்ளயும் மாறும்: க்வென் 2.5ல பெரும்பாலான சைஸ் அப்பாச்சி, ஆனா 3பியும் 72பியும் வேற லைசன்ஸ். நீங்க இறக்குற அந்த ஒரு மாடலோட பக்கத்துலயே பாருங்க. ஓப்பன் சோர்ஸ் ஏஐக்குன்னு ஓஎஸ்ஐ 2024 அக்டோபர்ல தனி வரையறை போட்டிருக்கு, அதுல வெயிட்ஸோட பயிற்சிக் கோடும், எந்த டேட்டாவுல பயிற்சி குடுத்தாங்கங்கிற விவரமும் வேணும். அப்படிப் பாத்தா அப்பாச்சில வெயிட்ஸ் மட்டும் விட்டவங்களையும் 'ஓப்பன் வெயிட்ஸ்'னு சொல்றதுதான் சரின்னு எனக்குப் படுது.

"ஒரு பட்டியல்ல இருக்கு, இன்னொண்ணுல இல்ல"

எஸ்பிடிஎக்ஸ் பட்டியல்ல பேர் இருக்குங்கிறத ஆதாரமா காட்டாதீங்க. அது லைசன்ஸுக்கு சுருக்கப் பேர் வைக்கிற பட்டியல், அதுல எஸ்எஸ்பிஎல்லும் பிசினஸ் சோர்ஸும் கூட இருக்கு, பக்கத்துல ஓஎஸ்ஐ ஒப்புதல்னு தனி கட்டம் இருக்கும், அதப் பாருங்க. ஓஎஸ்ஐயும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் பெரும்பாலும் ஒத்துப் போவாங்க, நாசாவோட லைசன்ஸ், பழைய ஆர்ட்டிஸ்டிக் 1.0 இந்த மாதிரி சிலதுல ஓஎஸ்ஐ சரின்னுச்சு, ஃபவுண்டேஷன் இல்லைன்னுச்சு. டெண்டர்ல ஓஎஸ்ஐ ஒப்புதல்னு எழுதியிருந்தா ஓஎஸ்ஐ பட்டியலே போதும்.

எந்தப் பட்டியல்லயும் இல்லாத புது லைசன்ஸ்னா டெபியன் ஆளுங்க வச்சிருக்குற மூணு கேள்விய நான் யூஸ் பண்றேன். தனித்தீவுல நெட் இல்லாம மாட்டிக்கிட்டவன் இத மாத்தி பக்கத்துல இருக்குறவனுக்குக் குடுக்க முடியுமா? மாத்துனதை எங்களுக்கு அனுப்பணும்னு லைசன்ஸ் சொன்னா முடியாது. அரசாங்கத்துக்குப் பயந்து பேர மறைக்கிறவன் யூஸ் பண்ண முடியுமா? நாளைக்கு எழுதுனவர ஒரு மோசமான கம்பெனி வாங்கிட்டா நம்மகிட்ட இருக்குற உரிமைய பிடுங்க முடியுமா? நிபந்தனைய எப்ப வேணா மாத்துவோம்னு ஒரு வரி இருந்தா மூணாவதுலயே அடி வாங்கிரும்.

"எல்லாம் பாத்தாச்சு, போஸுக்கு என்ன எழுதிக் குடுக்குறது?"

2004ல மாம்பு (மலேசிய அரசாங்க நிர்வாக நவீனமயப் பிரிவு) அரசாங்கத்துறைக்கு ஓப்பன் சோர்ஸ் மாஸ்டர் பிளான் போட்ட காலத்துலேர்ந்து அரசாங்க வேலை எடுக்குறவங்களுக்கு இந்த வார்த்தை புதுசு இல்ல, ஆனா விளக்கம் கேட்டா முழிக்கிறாங்க. ஒரு ஷீட் போடுங்க. சாஃப்ட்வேர் பேர், சரியான வெர்ஷன், லைசன்ஸோட முழுப் பேரும் வெர்ஷனும், அந்த எழுத்து எந்த ஃபைல்ல இருக்கு, ஓஎஸ்ஐ ஒப்புதல் உண்டா, பாத்த தேதி. ஜிபிஎல்னு மட்டும் எழுதாதீங்க, 2ஆ 3ஆ, 'அல்லது அதற்குப் பிந்தையது'ன்னு இருக்கான்னு சேர்த்து எழுதுங்க. லைசன்ஸ் ஃபைலையும் ஒரு காப்பி எடுத்து பக்கத்துல வச்சிருங்க, ரெப்போவுல நாளைக்கு மாறலாம்.

உள்ள இழுத்து வர்ற குட்டி லைப்ரரிங்களுக்கு கையால பாத்து முடியாது, ஸ்கேன்கோட் மாதிரி டூல ஓட்டி விடுங்க, அது பேர் தெரியலைன்னு ஒதுக்குற கொஞ்சத்த மட்டும் நீங்க படிங்க. பாதி நேரம் அதுல இருக்கறது மேல சொன்ன முதல் ரெண்டு கேஸ்தான். அப்டேட் போடுற அன்னிக்கு வெர்ஷன் நம்பர் மாறுன வரிகள மட்டும் மறுபடி செக் பண்ணுங்க, மத்தத தொடவே வேணாம்.